கடைசி என்ற சொல் ஆகாது

அலுவலகத்தில் அவரை எல்லோரும் ‘கமா’ என்றே கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரமே ஒரு காற்புள்ளிக்காக நிரலாளர் ஒருவரோடு முக்கால் மணி நேரம் வாதாடி, வென்று, அதை வைத்துவிட்டுத்தான் மதியச் சாப்பாட்டுக்குப் போனார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். அவருக்கு அதில் வருத்தம் இல்லை. “முற்றுப்புள்ளின்னு வெக்காம விட்டீங்களே” என்பார்.

நாற்பத்தாறு வயதுப் பெண்மணி. மூன்றாம் மாடியில், ஜெராக்ஸ் மெஷினுக்கும் கழிப்பறைக் கதவுக்கும் நடுவில் அவருடைய மேசை. முன்பு துணி துவைக்கும் இயந்திரம், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, மின்விசிறி என்று எது கிடைத்தாலும் அதற்குப் பயன்படுத்தும் முறை எழுதித் தந்தவர். பெட்டியைப் பிரித்ததும் தெர்மோகோலோடு சேர்த்துத் தூக்கிப்போடுவோமே, அந்தச் சிறு புத்தகம். பதினெட்டு வருடம் அதைத்தான் எழுதினார். யாரும் படிப்பதில்லை என்று தெரிந்தே ஒழுங்காக எழுதினார். “நல்லா இருக்கிறப்ப யாரும் படிக்க மாட்டாங்க. எரிஞ்சு புகை வந்த பிறகு படிப்பாங்க. அப்ப அதுல தப்பு இருக்கக் கூடாது” என்பது அவர் கொள்கை. வேறு கொள்கைகளை வைத்துக்கொள்ள அவருக்கு வசதி இருந்ததில்லை.

வீட்டில் அவரும் அக்காவும் மட்டும். அக்கா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தரச் சோதனை பார்த்தவர். தையல் பிரிந்திருந்த ஒரு கட்டுச் சட்டைகளை ‘சரி’ என்று முத்திரை குத்தச் சொன்னார் சூப்பர்வைசர். அக்கா குத்த மறுத்தார். வேறு யாரோ குத்தினார்கள், சட்டைகள் திரும்பி வந்தன, வேலை போனது அக்காவுக்கு. அதிலிருந்து நான்கு வருடமாக, சன்னலோரம் போட்டிருக்கும் நீளமான மரப் பெஞ்சில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்துத் துணிகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறார். வாடகை, மருந்து, மின்சாரம் எல்லாம் கமாவின் சம்பளத்தில் நின்றன.

கமா கடைசியாகப் பயன்பாட்டு ஆவணம் எழுதிய மென்பொருள் கருவிக்கு அலுவலகத்தில் ‘பியூன்’ என்று செல்லப்பெயர். காரணப் பெயர்தான். ஓர் இயந்திரத்தை ஓட்டும் நிரலை, அதாவது அந்த இயந்திரம் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்த கட்டளைகளை, நிரலாளர்கள் அடிக்கடி திருத்துவார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு. எந்த நிரல், எத்தனையாவது பதிப்பு என்று கேட்டால், பியூன் போய் அந்தப் பதிப்பை எடுத்துவந்து காட்டும். அவ்வளவுதான். அதில் ஒரு புள்ளி சேர்க்காது, ஒரு புள்ளி அழிக்காது. படிக்க மட்டும். உள்ளே போன பதிப்பை யாராலும் நீக்க முடியாது என்பதைத்தான் நிறுவனம் எல்லா விளம்பரத்திலும் கொட்டை எழுத்தில் போட்டது.

பியூனிடம் வந்து கேட்பவர்கள் மனிதர்கள் இல்லை, ஏஐ ஏஜென்ட்கள். எங்கோ ஒரு தொழிலாளி தன் போனில் ஏதோ கேட்பார். ஏஜென்ட் பியூனின் ஆவணத்தைப் படித்து, எப்படிக் கேட்பது என்று தெரிந்துகொண்டு, நிரலை வாங்கிப் பார்த்துப் பதில் சொல்லும்.

முதல் முறையாகத் தன் எழுத்தை ஒரு வரி விடாமல் படிக்கிறார்கள் என்பதில் கமாவுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. போகப் போகத்தான் பயம் வந்தது. மனிதர் படித்தால் ஓரிடத்தில் நின்று “இது என்ன, ரெண்டு மாதிரியும் அர்த்தம் வருதே” என்று தலையைச் சொறிவார். ஏஜென்ட் பல நேரம் அப்படி நிற்பதில்லை. எழுதியிருப்பதை நம்பும், நம்பியதைத் தடுமாறாத குரலில் அடுத்தவருக்குச் சொல்லும். எழுதி வைத்திருக்கிறது என்பதாலேயே ஒன்றை நம்புகிற பழக்கத்தை மனிதர்களிடமிருந்து ஒழிக்க எத்தனை தலைமுறை பாடுபட்டது! அதை ஒரே வருடத்தில் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்துவிட்டோம்.

ஆவணத்தின் அடியில் ஒரு வரி உண்டு: ‘ஐயம் இருந்தால் எழுதுக.’ அந்த முகவரிக்கு வரும் அஞ்சல் கமாவுக்கு வரும். பதினான்கு மாதத்தில் ஒன்றுகூட வரவில்லை. பதினைந்தாம் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை வந்தது. எழுத்துப் பிழைகளோடு நான்கு வரி.

‘வணக்கம். நான் லிஃப்ட் மெக்கானிக். உங்க புத்தகத்துல பதிப்பு எண் சொல்லலேன்னா தற்போதைய பதிப்பு கிடைக்கும்னு போட்டிருக்கு. தற்போதையன்னா எது? என் லிஃப்ட்ல ஓடுறதா, உங்க கிட்ட இருக்கிறதா? ஒரு கையால தட்டுறேன், பிழை மன்னிக்கவும்.’

கமா அதை மூன்று தடவை படித்தார். பிறகு கீழே இருந்த எண்ணுக்குப் போன் செய்தார்.

“ஆமா மேடம், நான்தான் எழுதினேன். பதில் வரும்னு நினைக்கல. மிஷின்தான் எழுதியிருக்கும்னு நினைச்சேன்.”

“மனுஷிதான் தம்பி. ஒரு கையாலன்னு எழுதியிருக்கீங்களே, என்னாச்சு?”

“இடது கையில ரெண்டு விரல் இல்ல. இனிமே பத்து எண்ணணும்னா செருப்பைக் கழட்டணும்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கமா சிரிக்கவில்லை.

ஏழு மாடிக் கட்டடம். லிஃப்ட் கூண்டின் மேலே ஏறி, கதவின் பூட்டைச் சோதிக்க வேண்டிய வேலை. மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் மேலே ஏறுவார்கள், ஆனால் பூட்டு வேலை செய்கிறதா என்று பார்க்க மின்சாரம் வேண்டும். அதனால் போனில் ஏஜென்டிடம் கேட்டிருக்கிறார்: மேல்மூடி திறந்திருந்தால் இந்த லிஃப்ட் நகருமா? ஏஜென்ட் பியூனிடம் போயிற்று. பதிப்பு எண் சொல்லவில்லை, அதனால் ஆகப் புதிதாக எழுதப்பட்ட நிரலைப் பியூன் நீட்டியது. அந்த நிரலின்படி, மூடி திறந்திருந்தால் லிஃப்ட் நகராது. ஏஜென்ட் ஆவணத்தில் ‘தற்போதைய’ என்ற சொல்லைப் பார்த்தது, பதில் சொன்னது: ‘இந்த லிஃப்டில் தற்போது ஓடும் நிரலின்படி, நகராது.’

அந்தக் கட்டடத்தில் ஓடியது மூன்று வருடத்துக்கு முந்தைய நிரல். லிஃப்ட் நகர்ந்தது.

“எங்க கம்பெனியில சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க மேடம். பதிப்பு எண் கேக்காம நீ ஏன் நம்பினேன்னு கேக்கறாங்க. உங்க கம்பெனியிலேர்ந்து லெட்டர் வருதாம், புத்தகம் தெளிவாத்தான் இருந்துச்சு, தப்பு இவன் மேலதான்னு. அது வந்துட்டா எனக்கு லைசென்ஸே போயிரும். இந்த ஒரு வேலைதான் தெரியும். அதான், எது தற்போதையன்னு நானே கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னு...”

“நான் பாத்துட்டுச் சொல்றேன் தம்பி” என்று கமா போனை வைத்தார். 

அவருக்கு நன்றாக நினைவிருந்தது. தான் எழுதிய சொல் ‘தற்போதைய’ இல்லை. ‘கடைசியாகச் சேர்க்கப்பட்ட பதிப்பு’ என்று எழுதியிருந்தார். அதற்கு அடுத்து இன்னொரு வரியும் இருந்தது: ‘உங்கள் இயந்திரத்தில் ஓடுவது அதுவாக இல்லாமலும் இருக்கலாம்.’ யாரோ மாற்றியிருக்கிறார்கள். யார் என்று பார்த்துவிடலாம். ஆவணத்தின் பழைய பதிப்புகளும் பியூனிடம்தானே இருக்கின்றன?

பதினான்காம் பதிப்பைக் கேட்டார். வந்தது. ‘கடைசியாகச் சேர்க்கப்பட்ட பதிப்பு.’ அடுத்த வரியும் இருந்தது. நெஞ்சு லேசானது. பதினைந்தாம் பதிப்பைக் கேட்டார். இருபத்து மூன்று இடங்களில் ‘கடைசி’ போய் ‘தற்போதைய’ வந்திருந்தது. எச்சரிக்கை வரி இல்லை. மாற்றியவர் என்ற இடத்தில் கமாவின் பெயர். காரணம் என்ற இடத்தில் இரண்டே சொல்: ‘சொல் திருத்தம்.’

நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். நினைவு இப்போது முழுசாக வந்தது.

அவருடைய பிரிவுத் தலைவருக்கு ‘சுருக்கம்’ என்று பெயர். எதைக் காட்டினாலும் “சுருக்கமா” என்பார். பெரிய படிப்பு, வெளிநாட்டுப் பட்டம், மேசையில் மூன்று கணினித் திரை. எட்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் அவர் கமாவின் மேசைக்கே வந்து நின்றார்.

“மேடம், பக்கத்துக்குப் பக்கம் கடைசி கடைசின்னு இருக்கே. என்னமோ மாதிரி இருக்கு.”

“என்ன மாதிரி சார்?”

“கம்பெனியை இழுத்து மூடப்போற மாதிரி. கடைசிப் பதிப்புன்னா இதோட முடிஞ்சதுன்னு ஆகுதுல்ல? முதலீட்டாளர்கள் வராங்க. அந்தச் சொல்லே ஆகாது மேடம். நல்லதா ஒண்ணு போடுங்களேன்.”

“ஆகப் புதியன்னு போடலாம் சார்.”

“புதுசுன்னா சோதிக்காததுன்னு நினைப்பாங்க. தற்போதையன்னு போடுங்க. பளிச்சுனு இருக்கு. அப்புறம் இந்த ‘இல்லாமலும் இருக்கலாம்’ எல்லாம் எதுக்கு? வாங்க வர்றவனை வாசல்லயே பயமுறுத்துற மாதிரி.”

“சார், தற்போதையன்னா அங்க ஓடுறதுன்னு அர்த்தம் வந்துரும்.”

“யாரு மேடம் அவ்வளவு உத்துப் பாக்கப் போறா?”

கமா அன்றைக்கு வாதாடினார். ஆனால் ஒரு காற்புள்ளிக்கு முக்கால் மணி நேரம் நின்றவர், இதற்குப் பத்து நிமிடம்தான் நின்றார். அந்த வாரம்தான் அவருடைய வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் வாரம். நிரலைத் திருத்துகிறவர்கள் காரணம் எழுதாமல் விட்டால் “ஏன்னு எழுதுங்க, நாளைக்கு ஒருத்தன் வந்து கேப்பான்” என்று மாடி முழுக்கக் கத்துகிறவர் அவர். அப்படிப்பட்டவர் தன் முறை வந்தபோது ‘சொல் திருத்தம்’ என்று தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு சொல்லுக்குச் சகுனம் பார்த்தார்கள். இரண்டு விரல் போயிற்று. இதைவிடச் சுருக்கமாக அதைச் சொல்ல முடியாது.

அன்று மாலையே சுருக்கம் கூப்பிட்டனுப்பினார். ஒரு கடிதம் தயாராக இருந்தது. ஆவணம் தெளிவாகவே இருந்தது, பதிப்பு எண் தராதது பயன்படுத்தியவரின் கவனக்குறைவு என்று அதில் கண்டிருந்தது. கீழே ‘ஆவணப் பொறுப்பாளர்’ என்று கோடு போட்டு வைத்திருந்தார்கள்.

“படிச்சுப் பாத்து நாளைக்குக் காலையில குடுங்க போதும். உங்க ஒப்பந்தமும் என் மேசையிலதான் இருக்கு, ரெண்டையும் சேத்தே முடிச்சுரலாம்” என்றார். மிரட்டுகிற குரலே இல்லை. டீ சொல்லட்டுமா என்று கேட்கிற குரல்.

வீட்டில் அக்கா பெஞ்சில் உட்கார்ந்து பற்களுக்கு நடுவில் ஊசியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு ஊசியை எடுத்தார்.

“போட்டுக் குடுத்துரு.”

“என்னக்கா சொல்றே? அந்தத் தம்பிக்கு வேலை போயிரும்.”

“உனக்குப் போனா?”

“தப்பு என்னுதுக்கா.”

“தப்பு உன்னுதா? சொன்னவன் யாரு?”

“எழுதினது நான்.”

“அப்ப அவனும் நீயும் பேசித் தீத்துக்கோங்க. எனக்கு இந்த நியாயம் எல்லாம் தெரியும்டி. முத்திரை குத்த மாட்டேன்னு நின்னவ நான். என்ன கிடைச்சது? இந்தப் பெஞ்சு. நான் உக்காந்திருக்கேன்னா நீ நின்னுக்கிட்டு இருக்கேங்கிற தைரியத்துல. ரெண்டு பேரும் உக்காந்துட்டா யாருடி எந்திரிக்கிறது?”

 அக்கா மறுபடி ஊசியை எடுத்து நூல் கோக்கப் பார்த்தார். இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை கமா வாங்கிக் கோத்துக் கொடுத்தார்.

“அந்தப் பையனுக்கு எந்தக் கை?” என்றார் அக்கா.

“இடது.”

“ம்” என்றார். 

மறுநாள் காலை பஸ்ஸில் சன்னலோர இடம் கிடைத்தது. கமா கைப்பையில் இருந்த கடிதத்தை வெளியே எடுக்கவே இல்லை. போனில் மெக்கானிக்கின் அஞ்சலைத் திறந்து பதில் எழுதினார். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் எழுதி முடித்தார்.

‘உங்கள் கேள்விக்குப் பதில்: எங்களிடம் இருப்பது. உங்கள் லிஃப்டில் ஓடுவது இல்லை. படிக்கிறவர் யாராக இருந்தாலும் அந்தச் சொல்லால் ஏமாறத்தான் செய்வார். முதலில் சரியாக இருந்தது. அதைத் தவறாக மாற்றியது நான். பழைய பதிப்பும் மாற்றிய பதிப்பும் இணைப்பில் உள்ளன. விசாரணையில் இந்தக் கடிதத்தைக் காட்டலாம்.’

அனுப்பு என்பதைத் தொட்டபோது இறங்க வேண்டிய இடம் தாண்டியிருந்தது. திரும்பி நடந்தே வந்தார். மேசைக்குப் போனதும் கணினியைத் திறந்து ஆவணத்தைத் திருத்தினார். இருபத்து மூன்று இடத்திலும் ‘கடைசியாகச் சேர்க்கப்பட்ட’ என்று போட்டார். எச்சரிக்கை வரியைத் திருப்பி வைத்தார். காரணம் என்ற இடத்துக்கு வந்தபோது ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு எழுதினார். யார் வந்து நின்றார், என்ன சொன்னார், ‘கடைசி’ என்ற சொல் ஏன் ஆகாது என்றார், தான் என்ன பதில் சொன்னார், ஏன் பத்து நிமிடத்தில் அடங்கிப் போனார், அதனால் எந்தக் கட்டடத்தில் யாருடைய எந்தக் கைக்கு என்ன ஆயிற்று. சுருக்கமாக எழுதவில்லை. காற்புள்ளிகளை எல்லாம் சரிபார்த்தார். பதினாறாம் பதிப்பு உள்ளே போனது.

பதினொரு மணிக்குக் கண்ணாடி அறையில் கூட்டம். சுருக்கம், கம்பெனி வக்கீல், பியூனின் மூத்த நிரலாளர், கமா. வெள்ளைப் பலகையில் யாரோ எழுதிய பழைய கணக்கு அழியாமல் பாதி தெரிந்தது.

“குடுத்துருங்க மேடம்” என்று வக்கீல் கை நீட்டினார்.

“நான் வேற எழுதி அனுப்பிட்டேன் சார்.”

“யாருக்கு?”

“கேட்டவருக்கு.”

சுருக்கத்தின் முகம் முதல் முறையாகப் போன் திரையை விட்டு விலகியது. “யார் குடுத்தா உங்களுக்கு அந்த அதிகாரம்?”

“ஐயம் இருந்தால் எழுதுகன்னு நாமதானே சார் போட்டிருக்கோம். எழுதினாரு. பதில் சொன்னேன்.”

“மாத்தினது நீங்க. உங்க பேருதான் இருக்கு. நான் சொன்னேன்னு எங்கயாவது எழுத்துல இருக்கா?”

“நேத்து வரைக்கும் இல்ல” என்றார் கமா.

நிரலாளர் தன் மடிக்கணினியைத் தட்டிப் பார்த்தார். வாசித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு அதைச் சுருக்கத்தின் பக்கம் திருப்பினார். சுருக்கம் முழுவதையும் படித்தார். அவர் இவ்வளவு நீளமாக எதையும் படித்து அந்த அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை.

“இதை எடுத்துருங்க” என்றார்.

“முடியாது சார்” என்றார் நிரலாளர்.

“முடியாதுன்னா?”

“உள்ள போனதை எடுக்க முடியாது சார். அதானே நம்ம விளம்பரமே. வேணும்னா பதினேழுன்னு புதுசா ஒண்ணு போடலாம். பதினாறு இருக்கத்தான் செய்யும்.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.   

ஒரு மணிக்கு அவருடைய கடவுச்சொல் வேலை செய்யவில்லை. இரண்டு மணிக்கு அட்டைப்பெட்டி வந்தது. அகராதி, தண்ணீர்க் குவளை, ஒரு ஜோடி செருப்பு. பதினெட்டு வருடம் பெட்டிக்குள் வைக்கும் புத்தகம் எழுதியவர், பெட்டியோடு கீழே இறங்கினார். லிஃப்டில் போகவில்லை, படியில் இறங்கினார்.

பதினேழாம் பதிப்பு மறு வாரமே வந்ததாகக் கேள்வி. அதில் ‘அண்மைய’ என்று போட்டிருக்கிறார்களாம். எச்சரிக்கை வரி இருக்கிறதாம், சிறிய எழுத்தில். சுருக்கத்துக்குப் பதவி உயர்வு இல்லை, பதவி இழப்பும் இல்லை. நிறுவனம் வெளியிட்ட குறிப்பில் ‘ஊழியர் ஒருவரின் பிழை கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது’ என்று இருந்தது. ஊழியர் ஒருவரின் பிழை! கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பவரே குற்றவாளி, சொல்லிவிட்டு நகர்ந்தவர் பார்வையாளர். பதிவேடு கண்டுபிடித்த நாளிலிருந்து உலகம் இந்த நியாயத்தைத்தான் கூசாமல் நடத்திவருகிறது.

மெக்கானிக்கின் லைசென்ஸ் தப்பியது. கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள். ஆனால் கூண்டின் மேல் ஏற விடவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து புகார்ப் போன்களை எடுக்கும் வேலை. “மேல ஏறாம கை நமநமங்குதுக்கா. இல்லாத விரலும் சேர்ந்து நமநமங்குது” என்று ஒரு நாள் கமாவிடம் சொன்னார். மேடம் என்பது எப்போது அக்கா ஆனது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

கமா வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டே இருக்கிறார். எல்லாவற்றுக்கும் சில நொடிகளிலேயே பதில் வந்துவிடுகிறது. ‘தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.’ எழுதுவது எது என்று அவருக்குத் தெரியும். அதிலும் ஒரு காற்புள்ளி தவறாக இருக்கிறது. வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து, ஒன்றும் கேட்காமல், சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். அக்கா இரவு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட ஆரம்பித்திருப்பதை அட்டையைப் பார்த்துத்தான் கமா கண்டுபிடித்தார். கேட்டதற்கு, “எனக்கு அவ்வளவா வலி இல்ல” என்றார் அக்கா. அன்றைக்கு கமா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றார்.

பெட்டியைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்த அந்த மதியம் அக்கா திட்டவில்லை. இரண்டு நாள் பேசவும் இல்லை. மூன்றாம் நாள் பெஞ்சில் துணிக்குவியலைத் தள்ளி இடம் பண்ணி, “உக்காரு. சும்மாதானே இருக்கே, பொத்தான் தை” என்றார். கமாவுக்குப் பொத்தான் தைக்க வரவில்லை. இன்னும் சரியாக வரவில்லை.

சென்ற வாரம் அப்படி இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தபோது போனில் மெக்கானிக் எழுதியிருந்தார். ‘அக்கா, இன்னிக்கு ஏஜென்ட் கிட்டச் சொல்லி அந்தப் பதினாறாம் நம்பரை எடுத்துப் பாத்தேன். அப்படியே இருக்கு. எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன்.’

கமா அதை அக்காவுக்குப் படித்துக் காட்டினார். அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“இருந்து என்னடி ஆகப்போகுது?”

கமா ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

“இருக்குல்ல” என்றார்.

அக்கா, கமா தைத்த சட்டையை வாங்கி, தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மூன்றாவது பொத்தான் இடம் தவறியிருந்தது. அதைப் பிரிக்க ஆரம்பித்தார்.